சிமிலனா, மாலத்தீவா, கொமோடோவா? படகிலேயே தங்கி ஸ்கூபா போகிறவர்களுக்கு

லிவ்அபோர்ட் என்றால் படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம், நாளைக்கு மூன்று நாலு டைவ். இதற்கென்று லீவும் காசும் ஒதுக்கி வைத்திருப்பவர் எல்லாரும் முதலில் கேட்பது "மேண்டா திருக்கை எங்கே நல்லா தெரியும்?" என்றுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். மூன்று இடத்திலும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால். அதை வைத்து இடத்தை முடிவு செய்ய முடியாது. எந்த மாதம் லீவு, இதுவரை எத்தனை டைவ் போட்டிருக்கிறீர்கள், நீரோட்டம் இழுக்கும்போது மூச்சு நிதானமாக இருக்குமா என்பதைச் சொல்லுங்கள், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

மாதத்தில் தொடங்குவோம். தாய்லாந்தின் சிமிலன், சுரின் தேசியப் பூங்காக்கள் அக்டோபர் 15 முதல் மே 15 வரைதான் திறந்திருக்கும். ஜூன், ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்றால் அந்தக் கதவு சாத்தியாயிற்று. இந்தோனேசியாவின் கொமோடோ கிட்டத்தட்ட நேர்மாறு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை நன்றாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் மழையும் அலையும். அங்கே ஓடும் ஃபினிசி என்ற இந்தோனேசிய மரப்படகுகள் பல அந்த மாதங்களில் கிழக்கே ராஜா அம்பட் என்ற இன்னொரு டைவ் இடத்துக்குப் போய்விடும், அதனால் ஒரே படகின் பெயரை இரண்டு இடத்து விளம்பரத்திலும் பார்த்தால் குழம்ப வேண்டாம். மாலத்தீவில் ஆண்டு முழுக்கப் படகு உண்டு, அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதல் லிவ்அபோர்ட் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சிமிலனைத்தான் சொல்வேன். நாலு நாள் நாலு ராத்திரியில் பதினாலு டைவ் வாக்கில் கிடைத்துவிடும், தண்ணீர் வெதுவெதுப்பு, பாதி இடங்களில் நீரோட்டம் சாது. காவோ லாக் பக்கம் தாப் லாமு துறையிலிருந்து படகு கிளம்பும். (அங்கிருந்து கொஞ்சம் வடக்கே உள்ள தக்குவா பாவில்தான் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் காவலில் விட்ட செய்தி. துறையில் படகுக்குக் காத்திருக்கும்போது நினைத்துக்கொள்ள நல்ல விஷயம்.) அந்தப் பயணத்தின் உயிரே கடைசியில் வரும் ரிச்செலியூ பாறை. குதிரை லாட வடிவம், ஊதா மென்பவளம் போர்த்தி இருக்கும், ஒரு பக்கம் கணவாய்கள் ஜோடியாக, இன்னொரு பக்கம் சீலா மீன் கூட்டம் சுவராக நிற்கும். ஆனால் அது சிமிலனில் இல்லை, வடக்கே சுரின் பக்கம். இரண்டு ராத்திரிச் சலுகைப் பயணங்களில் அது விடுபட்டுப்போக வாய்ப்பு அதிகம், அட்டவணையில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். குறை என்றால் கூட்டம்தான். கரையிலிருந்து ஸ்பீட்போட்டிலும் ஆள் வருவார்கள். நீங்கள் படகிலேயே தூங்குவதன் லாபம், ஈரம் காயாத வெட்சூட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஆறரை மணிக்கு மாட்டினால் அவர்கள் வருவதற்குள் ஒரு டைவ் முடிந்திருக்கும்.

மாலத்தீவுக்குப் போவது நமக்கு எல்லாவற்றையும்விட எளிது. வந்து இறங்கியதும் இலவச விசா, திருவனந்தபுரத்தில் ஏறினால் தூங்குவதற்குள் மாலே. வசதியிலும் அதுதான் முதல். கம்ப்ரசர், சிலிண்டர், ஈரத்துணி எல்லாம் தோணி என்ற தனிப் படகில், நீங்கள் தூங்கும் பெரிய படகில் அந்தச் சத்தமும் வாடையும் இருக்காது. இப்போது அந்தச் சூட்சுமம். வடகிழக்குப் பருவக்காற்றின்போது, அதாவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீரோட்டம் கிழக்கிலிருந்து பவளத்தீவு வளையங்களுக்குள் நுழைகிறது. கிழக்குக் கால்வாய்களில் கடல்நீர் தெளிவாக இருக்கும், சுறாக்கள் வாசலில் நிற்கும். வளையத்துக்குள் சுற்றிய நீர் மேற்குப் பக்கம் வெளியேறும்போது கலங்கலாக, மிதவை உயிரிகளைச் சுமந்து வரும், அதைத் தின்ன மேண்டாக்கள் அங்கே. தென்மேற்குப் பருவக்காற்றில் எல்லாம் இடம் மாறிவிடும். ஆகவே ஒரு படகு ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் அதே வழியில் போவதாக அட்டவணை காட்டினால் "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆகஸ்டில் பா வளையத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் மேண்டாக்கள் குவியும், ஆனால் அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி கிடையாது, மூச்சுக்குழாயோடு மேலே மிதந்து பார்க்கும் ஸ்நார்க்கல் மட்டும். ஸ்கூபா எங்கே போட்டாலும் 30 மீட்டர்தான் எல்லை.

கால்வாய் டைவ் எப்படி இருக்கும் என்றால், விளிம்பில் செத்த பாறையாகப் பார்த்துக் கொக்கியை மாட்டிவிட்டு, காற்றாடி மாதிரி கயிற்றில் பறந்துகொண்டு நிற்பீர்கள். முகமூடியைப் பக்கவாட்டில் திருப்பினால் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். எதிரே சாம்பல் சுறாக்கள் அசையாமல் மிதக்கும், அவற்றுக்கு அது ஒரு வேலையே இல்லை. இருபது டைவ் போட்ட ஒருவரை இதற்குள் தள்ளக் கூடாது. பவளத்தின் வண்ணம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் மாலத்தீவு வேண்டாம்; 1998-இலும் 2016-இலும் வெளுத்ததில் ஆழம் குறைந்த இடங்கள் நிறைய அடிபட்டன. பெரிய உருப்படிகளைப் பார்க்கத்தான் அங்கே போக வேண்டும்.

வண்ணமும் வேண்டும், பெரியதும் வேண்டும் என்றால் கொமோடோ. மூன்றில் என் ஓட்டு அதற்கே, ஆனால் அனுபவத்தோடு போகிறவர்களுக்கு மட்டும். வடக்கே ஃப்ளோரஸ் கடல், தெற்கே இந்தியப் பெருங்கடல், நடுவில் குறுகலான சந்துகள். இரண்டு கடலும் அந்தச் சந்து வழியாகத்தான் இடம் மாற்றிக்கொள்கின்றன. அதனால் வடக்கில் 28 டிகிரியில் சுகமாக மிதந்தவர் தெற்கில் 23 டிகிரியில் பல் தந்தியடிக்க ஏறுவார். பட்டு போலோங் ஒரு சின்னப் பாறை, தண்ணீருக்கு மேலே பார்த்தால் ஒரு வீட்டளவுகூட இருக்காது. கீழே நீரோட்டம் படாத அதன் மறைவுப் பக்கத்திலேயே மேலும் கீழுமாகப் போய் வர வேண்டும். ஓரத்தில் ஆரஞ்சு நிறக் குட்டி மீன்கள் ஆயிரக்கணக்கில் ஒரே திசையில் தலை வைத்து நீந்திக்கொண்டிருக்கும், அந்தத் தலைகள் திடீரென்று கீழ்நோக்கித் திரும்பினால் கைடு கையைக் காட்டுவதற்கு முன்பே நீங்கள் திரும்பிவிட வேண்டும், தண்ணீர் கீழே இழுக்கிறது என்று அர்த்தம். இன்னொரு விஷயம், வடக்கும் நடுவும் மட்டும் போதுமென்றால் கொமோடோவுக்குப் படகேறும் ஊரான லபுவான் பாஜோவில் அறை எடுத்துத் தினமும் பகல் படகில் போய் வரலாம், பாதிச் செலவு மிச்சம். லிவ்அபோர்டுக்குக் காசு கொடுப்பது தெற்குக்காகத்தான், குதிரைலாட விரிகுடாவுக்கும் கேனிபல் பாறைக்கும். தெற்கு இல்லாத கொமோடோ லிவ்அபோர்டை நான் வாங்க மாட்டேன்.

பிலிப்பைன்ஸில் நடுக்கடலில் இருக்கும் டுப்பட்டாஹா பவளப்பாறை? மார்ச் நடு முதல் ஜூன் நடு வரை மட்டும், புவெர்ட்டோ பிரின்செசாவிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம், லிவ்அபோர்ட் தவிர வேறு வழியே இல்லை. ஒரு வருடம் முன்பே இடம் போட முடிந்தவர்களுக்கு.

இடம் எதுவானாலும் படகிடம் கேட்க வேண்டியவை சில. ஒரு கைடுக்கு எத்தனை பேர்? என் முதல் பயணத்தில் எட்டுப் பேருக்கு ஒருவர், சிமிலன் பக்கத்துக் கோ போன் முனையில் என் காற்று 33 நிமிடத்தில் தீர்ந்தபோது அவர் எங்கேயோ முன்னால் இருந்தார். நாலு பேருக்கு மேல் என்றால் இப்போது நான் ஏறுவதில்லை. ராத்திரி யாராவது விழித்திருந்து சுற்றி வருவார்களா? 2019-இல் கலிபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு எரிந்து 34 பேர் போனார்கள், அன்று காவலுக்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை. அதிலிருந்து அறையில் கேமரா பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவதை நான் நிறுத்திவிட்டேன். கீழ்த்தள அறை என்றால் அவசர வழி எங்கே திறக்கிறது என்று முதல் நாளே ஏறிப் பாருங்கள். அப்புறம் விலை: பூங்காக் கட்டணம், நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று), கருவி வாடகை, டிப்ஸ் எல்லாவற்றையும் கூட்டிவிட்டுத்தான் இரண்டு படகை ஒப்பிட முடியும், மலிவாகத் தெரிவது பல நேரம் மலிவாக இருக்காது. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் 18 மணி நேரமாவது வேண்டும், 24 இருந்தால் நல்லது. அன்று ராத்திரியே ஊருக்கு டிக்கெட் போட்ட நண்பர் கடைசி நாள் ரெண்டு டைவையும் மேல்தளத்தில் உட்கார்ந்து மாங்காய் தின்றபடி கழித்தார்.

சரி, கையில் பத்து இருபது டைவ் இருந்தால் சிமிலன், ஐம்பது தாண்டிவிட்டதென்றால் மற்ற இரண்டில் லீவு எந்த மாதமோ அது. எனக்கு அடுத்தது தெற்குக் கொமோடோ. ஐந்து மில்லிமீட்டர் தடிமன் வெட்சூட்தான் இன்னும் வாங்கவில்லை.