விண்கல் மழைக்கு டெலஸ்கோப்பா? தலைக்கு 450 ரூபாய் தண்டம்

திருவொற்றியூர், எண்ணூர், ராயபுரம் பக்கம் இருப்பவர்கள், அதிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

2024 டிசம்பர் 13 ராத்திரி, எரிநட்சத்திரங்கள் நிறையப் பாயும் ஜெமினிட் விண்கல் மழை. 'வானாய்வு மையத்தில் பொதுமக்கள் பார்வை, மணிக்கு 120 எரிநட்சத்திரங்கள், பெரிய டெலஸ்கோப் வழியாக, இரவு 7 முதல் 10 வரை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் வந்தது. தலைக்கு 450, ஜிபேயில் முன்பணம். ஏழாவது படிக்கும் மகள் துள்ளிய துள்ளலில் நான்கு பேருக்கும் அனுப்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் மையமாவது ஒன்றாவது! திருவொற்றியூரில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. முக்காலியில் ஒரு சின்ன டெலஸ்கோப், அதற்கு அறுபது பேர் வரிசை. ஒரு பக்கம் மணலி ஆலை வெளிச்சம், இன்னொரு பக்கம் துறைமுக விளக்குகள். அதைக்கூட விடுங்கள். அன்றைக்குக் கார்த்திகை தீபம். என் மனைவி வாசலில் அகல் ஏற்றிவிட்டுத்தான் கிளம்பினாள். பௌர்ணமியை ஒட்டி வரும் பண்டிகை அது, நிலா எப்படிக் காயும் என்று தினசரி காலண்டர் கிழிக்கிற எனக்கே உறைக்கவில்லை என்றால் யாரைக் குறை சொல்வது? அந்த வெளிச்சத்தில் மங்கலான எரிநட்சத்திரம் எதுவும் கண்ணில் படாது. மணிக்கு 120 என்பதெல்லாம் நிலாவே இல்லாத, கும்மிருட்டான ஊருக்கான கணக்கு.

நேரமும் தப்பு. ஜெமினிட் புறப்படுவது போலத் தெரியும் மிதுன ராசிப் பக்கம் ராத்திரி ஏழரை மணி வாக்கில்தான் கிழக்கே எழும்புகிறது. உச்சிக்கு வர நள்ளிரவு தாண்டி இரண்டு மணியாகிவிடும். இவர்கள் பத்துக்கே கடையைக் கட்டிவிட்டார்கள்.

டெலஸ்கோப் விஷயம்தான் உச்சம். எரிநட்சத்திரம் எந்த மூலையில் கோடு கிழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாயைப் போட்டு மல்லாந்து படுத்து, கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் செல்லைத் தொடாமல், வெறும் கண்ணால் பார்க்க வேண்டியது அது. டெலஸ்கோப்பில் பார்ப்பது சாவித் துவாரம் வழியாகத் தேரோட்டம் பார்க்கிற மாதிரி. எங்கள் முறை வந்தபோது ஒரு வெளிச்சப் புள்ளியைக் காட்டி, "இதுலேர்ந்துதான் விண்கல் கொட்டுது" என்றார் அங்கிருந்தவர்.

"அங்கிள், அது ஜூபிடர். ஜெமினிட் ஃபேத்தான்ங்கற குறுங்கோளோட தூசி" என்றாள் மகள்.

"பாப்பா, பின்னாடி நிக்கறவங்களுக்கு வழி விடும்மா."

கிளம்பும்போது 'அசல் விண்கல்' என்று ஒரு கறுப்புக் கல்லை 300 ரூபாய்க்கு மச்சான் வாங்கினான். காந்தம் ஒட்டியதே, அதுதான் அத்தாட்சியாம். மறுநாள், வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "உலைக் கசடுப்பா இது. நாங்க கூடை கூடையா அள்ளிக் கொட்டுவோம்."

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மேகத்துக்கு நாங்க பொறுப்பில்ல சார்" என்றார்கள். நான் மேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை, நிலாவைப் பற்றித்தான் கேட்டேன். அப்புறம் போனையே எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது வாங்காததால் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் போஸ்டரும்தான் கையில் இருக்கின்றன.

அடுத்து 2025 ஜனவரியில் அதே எண்ணிலிருந்து புதுப் போஸ்டர் வந்தது: 'கோள்கள் அணிவகுப்பு இரவு', தலைக்கு 600. வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நான்கும் அந்த மாதம் இருட்டியதும் காசிமேட்டுக் கடற்கரையில் நின்றாலே வெறும் கண்ணுக்குத் தெரிந்தன.