பழைய சைக்கிளைப் புதுப்பிக்கக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பழைய சைக்கிளை நட்டு நட்டாகக் கழற்றி, பெயின்ட் அடித்து, குரோம் போட்டு, கடையிலிருந்து அப்போதுதான் இறக்கியது போலத் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் இப்போது நிறைய வந்துவிட்டன. துருப்பிடித்த வண்டி ஒரு நிமிட வீடியோவில் பளபளவென்று மாறுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். இந்த வேலையை நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு ராலே சைக்கிள் போய்ச் சேர்ந்த பட்டறை அப்படிப்பட்டது அல்ல. அசல் பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு, ஏதேதோ பாகங்களைப் பூட்டி, மேலே மினுமினுப்பை ஏற்றித் திருப்பிக் கொடுத்தார்கள். புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்கிறேன்.

வண்டி என் பெரியப்பாவுடையது. பினாங்கில் வேலை பார்த்துவிட்டு ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியபோது கூடவே கொண்டுவந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்த ராலே. பின் சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப், அதாவது சக்கரத்தின் நடுவில் சுழலும் உருளை. அதன் மேல் ஏ.டபிள்யூ. என்ற எழுத்தும் 54 என்ற எண்ணும் பொறித்திருந்தன. அந்த 54 ஹப் செய்த ஆண்டைக் குறிக்கும். பழைய ராலேயின் வயதைச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி கிடையாது. முன் சக்கரத்தில் டைனோஹப், அதாவது ஹப்புக்குள்ளேயே மின்சாரம் எடுக்கும் டைனமோ. புரூக்ஸ் கம்பெனியின் தோல் சீட்டு. கொக்குத் தலைகளை வெட்டி எடுத்த வடிவத்தில் செயின் வீல். ராலே கம்பெனியை வளர்த்த ஃபிராங்க் பௌடனின் குடும்பச் சின்னம் அந்தக் கொக்கு. வண்டியின் நெற்றியில் இருக்கும் பித்தளைப் பட்டயத்திலும் அதுதான் இருக்கும். பெரியப்பா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார். வெள்ளிக்கிழமை வண்டியை ஓட்டமாட்டார். அவர் போன பிறகு வண்டி திண்ணையில் நின்றது. கடற்காற்றில் ரிம்மும் ஹேண்டில்பாரும் துரு ஏறிவிட்டன. கறுப்பு எனாமல் மட்டும் பரவாயில்லாமல் இருந்தது. தங்கக் கோடுகள்கூடப் பாதிக்கு மேல் தெரிந்தன.

பட்டறைக்காரர் வண்டியைப் பார்த்ததும் பேசிய பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. "சார், இந்த மாதிரி வண்டி கெடைக்கறதே கஷ்டம். விட்டுட்டுப் போங்க. ஃபேக்டரியில இருந்து வந்த மாதிரி பண்ணித் தர்றேன்." பேசிய தொகை 22,000 ரூபாய். பாதி முன்பணம். என் மகள் அதற்கு முன்பே வண்டியை எல்லாப் பக்கமும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருந்தாள். இன்றைக்கு எங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அந்தப் படங்கள்தான்.

நடுவில் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு வாரமும் ஒரு படம் வரும். வெறும் ஃபிரேம், பெயின்ட் அடித்த ஃபிரேம், குரோம் போட்ட ஹேண்டில்பார். சின்ன பாகங்களின் படம் ஒன்றுகூட வரவில்லை. கேட்டால், "பாலிஷ்ல இருக்கு சார்." கடைசியில் பில் 34,000 ஆகியிருந்தது. "உள்ள நெறைய வேலை இருந்துச்சு சார்" என்றார். மீதிப் பணம் கொடுத்தால்தான் வண்டி என்றும் சொல்லிவிட்டார். கொடுத்து எடுத்துவந்தோம். தூரத்தில் நின்று பார்த்தால் அழகாகத்தான் இருந்தது.

எங்கள் ஊரில் வயதான சைக்கிள் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய். பெரியப்பா காலத்தில் இந்த வண்டிக்கு ஓவராயில் பார்த்தவர். அவர் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, "தம்பி, இது பெரியவர் வண்டிதான். ஆனா இதுல பெரியவர் சாமான் எதையும் காணோமே" என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

நெற்றிப் பட்டயம் பித்தளை இல்லை, மெல்லிய அலுமினியத் தகடு. ஆணிக்குப் பதில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிட்டது. செயின் வீலில் கொக்கு இல்லை. ஏதோ சாதாரண சைக்கிளிலிருந்து எடுத்த வீல். சீட்டு தோல்தான், ஆனால் பக்கவாட்டில் புரூக்ஸ் முத்திரை இல்லை. அடியில் ஸ்பிரிங் கம்பியும் மெலிசு. எங்கள் பழைய சீட்டின் வலது பக்கத்தில், பின் ஆணிகளுக்குக் கீழே, பெரியப்பா ஊசியால் குத்திய சின்ன வேல் குறி இருக்கும். புதிதாக வந்த சீட்டில் அது எப்படி இருக்கும்?

இவை திருட்டு என்று நான் சொல்வேன். இனி சொல்லப்போவது தெரியாமலோ அவசரத்திலோ கெடுத்தது. எனக்கு இதுதான் அதிக வேதனை, ஏனென்றால் திருடிய பாகம் எங்கேயோ இருக்கிறது. கெட்ட பாகம் திரும்பாது.

பின் ஹப்பைப் பாலிஷ் போடும் பஃபிங் சக்கரத்தில் வைத்துத் தேய்த்ததில் அந்த 54 மறைந்தே போய்விட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்கூட நிழல்தான் தெரிகிறது. டைனோஹப் கதை இன்னும் மோசம். அதன் உள்ளே இருக்கும் காந்தத்தைக் கம்பிச்சுருள் இருக்கும் ஆர்மேச்சரிலிருந்து பிரிக்கும்போது இடையில் இரும்பு வளையம் ஒன்றைப் பிடித்தபடியே நகர்த்த வேண்டும். அப்படியே உருவி எடுத்தால் காந்தத்தின் வலு குறைந்துவிடும். இது அந்தக் காலத்துப் பராமரிப்புக் கையேட்டிலேயே சொன்ன விஷயம். அவர்கள் உருவிப் போட்டுத் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறார்கள். முன்பு வேகமாக மிதித்தால் தெரு முழுக்க வெளிச்சம் தந்த விளக்கு இப்போது மங்கலாகச் சிவந்து நிற்கிறது.

பெயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். ராலேயின் கறுப்பு, பாஸ்பேட் பூச்சின் மேல் எனாமலை அடித்துச் சூளையில் சுட்டது. மெல்லியதாக, கண்ணாடி போல இருக்கும். அதனால் குழாய்கள் சேரும் லக்குகளின் விளிம்பு கூர்மையாகத் தெரியும். இவர்கள் மணல் வீசிப் பழைய பெயின்ட்டை முழுக்க எடுத்துவிட்டுப் பவுடர் கோட்டிங், அதாவது பெயின்ட் பொடியை அடித்துச் சூட்டில் உருக்கும் பூச்சு, செய்திருக்கிறார்கள். பவுடர் கோட்டிங் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அருமையான பூச்சு அது. ஆனால் தடிமனாகப் படியும், சுமார் 180 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான் பிடிக்கும். லக்குகளின் விளிம்பு மொத்தையாகிவிட்டது. சீட்டுக் குழாய் லக்கில் பொறித்திருந்த வரிசை எண்ணும் பூச்சுக்கு அடியில் புதைந்துவிட்டது. அந்த எண் படிக்க முடியாமல் போனது தற்செயலா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பவுடர் அடிக்கும்போது மரை இருக்கும் இடங்களை மூடிவைக்க வேண்டும். மூடவில்லை. பெடல் அச்சு சுழலும் குழாயான பாட்டம் பிராக்கெட்டின் மரைக்குள் பவுடர் ஏறி, அதிலேயே பேரிங் கப்பை ஸ்பேனர் போட்டுத் திருகியிருக்கிறார்கள். ராலேயின் மரை அங்குலத்துக்கு 26 சுற்று; மற்ற பெரும்பாலான பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 24. அவர்கள் மாட்டியது 24 மரை உள்ள கப். ஆரம்பத்தில் ஏறும், பிறகு மரையைக் கடித்துக்கொண்டு போகும். இப்போது பெடல் மிதித்தால் அதைத் தாங்கும் கிராங்க் தண்டு ஆடுகிறது. தங்கக் கோடுகளுக்குப் பதில் மஞ்சள் ஸ்டிக்கர். முதல் வெயிலிலேயே ஓரம் எழும்பிவிட்டது. கோடு போடுகிறவர்கள் நீள மயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பில் போடுவார்கள். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தேட வேண்டும்.

குரோம் வேலையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் குரோம் பூச்சு ஒரு மைக்ரான்கூட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட, இருக்காது. இரும்பைத் துருவிலிருந்து காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். முறையாகச் செய்தால் துருவை முழுக்க எடுத்து, தேய்த்துச் சமப்படுத்தி, தாமிரம், நிக்கல், கடைசியில் குரோம் என்று ஏற்ற வேண்டும். நிக்கலுக்குத்தான் நேரமும் பணமும் அதிகம் ஆகும். அதனால் அதைப் பெயருக்கு ஏற்றிவிட்டு மேலே குரோமை மினுக்குகிறார்கள். எடுத்துவரும் நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கள் வண்டியின் ரிம்மில் முதல் மழைக்குப் பிறகே மிளகு தூவியது போலத் துருப்புள்ளிகள் வந்துவிட்டன. பிளேட்டிங் எங்கே செய்கிறீர்கள், நிக்கல் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் அங்கே கொடுக்காதீர்கள். இன்னொன்று, சீட்டு ஸ்பிரிங் போன்ற முறுக்கேறிய எஃகுக்குப் பிளேட்டிங் செய்த கையோடு சூடுபடுத்தாவிட்டால், உள்ளே புகுந்த ஹைட்ரஜனால் அது மொறுமொறுவென்று ஆகி ஒரு நாள் உடையும். ஓட்டுகிறவர் மேல் பழி வரும்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். செயின் வீல் எங்கே?

"பல்லு தேஞ்சிருந்துச்சு சார், மாத்திட்டோம்."

பழையதைக் கொடுங்கள் என்றேன்.

"அதெல்லாம் ஸ்கிராப்ல போட்டாச்சு சார்."

சீட்டு?

"தோல் கிழிஞ்சிருந்துச்சு."

கிழியவில்லை, படம் இருக்கிறது என்றதும் குரல் மாறியது. "சார், இவ்வளவு பண்ணிக் குடுத்தும் குறை சொன்னா என்ன பண்றது?" அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மகள் ஒரு படத்தைக் காட்டினாள். அதே பட்டறை வேறொரு வாடிக்கையாளருக்குச் செய்து கொடுத்த ராலே. அதன் மேல் ஒரு புரூக்ஸ் சீட்டு. பெரிதாக்கிப் பார்த்தால் வலது பக்கம், பின் ஆணிகளுக்குக் கீழே, வேல் குறி. அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டு நான் செய்தி அனுப்பிய அன்றே அது காணாமல் போய்விட்டது. அதற்கு முன்பே மகள் அதைச் சேமித்துவிட்டாள்.

இனி கொடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை விடும் முன் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் எழுதி, முத்திரை, எண், குறி எல்லாவற்றையும் குறித்து, பட்டறைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் முன்கூட்டியே கேட்க வேண்டும், கழற்றிய பழைய பாகம் தேய்ந்ததோ உடைந்ததோ வீட்டுக்குத் திரும்ப வர வேண்டும் என்று அதிலேயே எழுதுங்கள். நேர்மையானவர் இதற்குத் தயங்கமாட்டார். நெற்றிப் பட்டயத்தையும் சீட்டையும் பிளேட்டிங், பெயின்ட் வேலை நடக்கும்போது வீட்டிலேயே கழற்றி வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அவை தேவையில்லை. வண்டி திரும்பி வரும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். நசுங்கிய இடத்தில் பட்டி பூசி மறைத்திருந்தால் அங்கே காந்தம் சரியாகப் பிடிக்காது.

அதைவிட முக்கியமாக, பழைய எனாமல் கொஞ்சமாவது நன்றாக இருந்தால் அதைத் தொடவே விடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, காய்ந்ததும் மெழுகு பாலிஷ் போட்டாலே கறுப்பு உயிர் பெறும். கீறலும் தேய்ந்த கோடும் இருக்கட்டும். அசல் பூச்சோடு இருக்கும் ராலேயைத் தேடுகிறவர்கள் புதுப் பெயின்ட் வண்டிக்கு அந்த மதிப்பைக் கொடுப்பதில்லை. அவர்கள் செய்வதுதான் சரி.

ஏமாந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். பில் தரவில்லை என்றால் பணம் அனுப்பிய விவரமும் வாட்ஸ்அப் செய்திகளும் கைகொடுக்கும். எதையும் அழித்துவிடாதீர்கள்.

சென்னைப் பக்கம் புதுப்பித்த ராலே வாங்கியவர்கள், அல்லது புரூக்ஸ் சீட்டு மட்டும் வாங்கியவர்கள், சீட்டின் வலது பக்கம் பின் ஆணிகளுக்குக் கீழே பாருங்கள். ஊசியால் குத்திய சின்ன வேல் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, வாங்கிய விலையை நான் கொடுத்துவிடுகிறேன். எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்று ஆணையத்துக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.