பிரிட்டனில் உளவியல் முதுகலை: மாற்றுப் படிப்பா, ஆய்வுப் படிப்பா?

முழுநேரமாகப் படித்தால் இரண்டும் பெரும்பாலும் ஓராண்டுதான்.

வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களுக்கு மாற்றுப் படிப்பு. பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் அதற்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவ உளவியல் முனைவர் பட்டத்துக்குச் சேரும்போது, அந்த அங்கீகாரம் உள்ள படிப்பால் கிடைக்கும் தகுதியைக் கேட்பார்கள்.

ஆய்வுப் படிப்பு, ஏற்கெனவே உளவியல் படித்தவர்களுக்கு. இங்கே தரவோடுதான் குடித்தனம். கேள்வித்தாளைப் பாதியில் விட்டவரின் பதில்களை என்ன செய்வது, எத்தனை பேரிடம் கேட்டால் முடிவை நம்பலாம் என்று ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டும். அலுப்பாக இருக்கும், ஆனால் அவசியம். 2015இல் வெளியான ஒரு பெரிய முயற்சியில், 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பாதிக்கும் குறைவானவையே பழைய முடிவைத் தந்தன.

ஆய்வுதான் ஆசை, உளவியல் பட்டமும் கையில் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதுதான்.