வெள்ளச் சமவெளியில் வீடு: தடுக்கும் விதி, உயர்த்தும் விதி, ஈடு கேட்கும் விதி

ஆற்றோரத் தாழ்நிலத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு உள்ளாட்சி அமைப்பு கேட்கக்கூடிய கேள்விகள் அடிப்படையில் மூன்றுதான். இந்த இடத்தில் கட்டத்தான் வேண்டுமா? கட்டினால் தரைத்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? இதுவரை இந்த மனையில் தேங்கி நின்ற வெள்ளநீர் இனி எங்கே போகும்? பல நாடுகளிலும் நடைமுறையில் உள்ள விதிகள் இவற்றில் ஏதேனும் ஒன்றையே முதன்மையாக வைத்து எழுதப்பட்டிருக்கின்றன. மூன்றாவது கேள்வியைக் கேட்காத விதி வீட்டுக்காரரைக் காப்பாற்றிவிட்டு அண்டை வீட்டாரைக் கைவிட்டுவிடுகிறது என்பதே என் கருத்து.

மூன்று வகைகளுக்கும் பொதுவான அளவுகோல், ஓர் ஆண்டில் வருவதற்கு 1 விழுக்காடு வாய்ப்புள்ள வெள்ளம். நூறாண்டு வெள்ளம் என்று வழங்கப்படும் இதன் நீர்மட்டம் வரைபடத்தில் குறிக்கப்பட்டு, விதிகள் அதிலிருந்து கணக்கிடப்படுகின்றன. 1 விழுக்காடு என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் 30 ஆண்டுக் கடனில் வாங்கிய ஒரு வீடு, கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அந்த அளவு வெள்ளத்தைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு.

உயரத்தை மையமாகக் கொண்ட விதிக்கு அமெரிக்காவின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தெளிவான எடுத்துக்காட்டு. 1968இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வெள்ளப்பகுதிக் கட்டுமானத்துக்கான குறைந்தபட்ச விதிகளை உள்ளாட்சிகள் தாங்களே இயற்றிச் செயல்படுத்த வேண்டும். அதற்கு ஈடாக அங்குள்ள மக்களுக்கு வெள்ளக் காப்பீடு கிடைக்கும். புதிய வீட்டின் மிகத் தாழ்ந்த தளம், நூறாண்டு வெள்ள மட்டத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது அவ்விதிகளின் முதுகெலும்பு. இந்த முறையின் பெரிய பலம் எளிமை. தளத்தின் மட்டத்தை நில அளவையாளர் அளந்து சான்று தருவார். விதி மீறப்பட்டதா இல்லையா என்பதில் வாதத்துக்கு இடமே இல்லை. வரைபடத்து மட்டம் தவறாக இருந்தாலும் தாங்கும்படி ஓரிரு அடி கூடுதல் உயரம் கேட்கும் உள்ளாட்சிகள் பல உள்ளன. 2017இல் ஹார்வி புயல் மழையில் மூழ்கிய ஹூஸ்டன் நகரம், அடுத்த ஆண்டே தன் விதியை மாற்றி, 500 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் 2 அடி என்று நிர்ணயித்தது.

ஆனால் உயரத்தை எப்படி அடைவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தூண்கள் மேல் வீட்டை நிறுத்தினால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும். மண் கொட்டி மனையை மேடாக்கினால், தளம் அதே உயரத்தில்தான் இருக்கும், சான்றிதழும் அதே சான்றிதழ்தான். தண்ணீர் மட்டும் பக்கத்து மனைக்குத் தள்ளப்படும். 200 சதுர மீட்டர் மனையை ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் 300 கன மீட்டர், அதாவது 3 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம் போய்விடுகிறது. அப்படி 200 மனைகள் கொண்ட குடியிருப்பு என்றால் 6 கோடி லிட்டர். தளத்தின் உயரத்தை மட்டும் அளக்கும் அதிகாரியின் ஏட்டில் இந்த 6 கோடி லிட்டருக்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

தூண் வீட்டிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அடியில் உள்ள பகுதியைச் சுவர் எழுப்பி மூடினால், வெள்ளத்தின்போது உள்ளும் புறமும் நீர்மட்டம் சமமாகாமல் சுவர் சரியும், சில வேளை தூணையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே மூடிய பரப்பில் ஒவ்வொரு சதுர அடிக்கும் 1 சதுர அங்குலம் என்ற கணக்கில் சுவரில் திறப்புகள் விட வேண்டும், அவற்றின் அடிவிளிம்பு தரையிலிருந்து 1 அடிக்கு மேல் போகக் கூடாது, அந்த இடத்தை வண்டி நிறுத்தவும் பொருள் வைக்கவும் படியேறவும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. நல்ல விதிதான். ஆனால் நிறைவுச் சான்றிதழ் கைக்கு வந்த சில ஆண்டுகளில் திறப்புகள் பூசப்பட்டு, கீழே ஒரு படுக்கையறை முளைத்துவிடுவது வெள்ளப்பகுதி அதிகாரிகள் நன்கறிந்த மீறல். பிறகு வந்து பார்க்க ஆளும் அதிகாரமும் இல்லாத இடத்தில், ஏட்டில் உயர்ந்து நிற்கும் வீடு உண்மையில் தரையோடுதான் இருக்கிறது. கதவு, சுவர்களை நீர் புகாதபடி அடைக்கும் முறையையும் சிலர் மாற்றாக முன்வைக்கிறார்கள். எச்சரிக்கை கிடைத்ததும் யாராவது வந்து தடுப்புப் பலகைகளைப் பொருத்தினால்தான் அது வேலை செய்யும் என்பதால், ஆட்கள் உறங்கும் வீடுகளுக்கு அது பொருந்தாது. அமெரிக்கத் திட்டமும் புதிய கட்டடங்களில் குடியிருப்பு அல்லாதவற்றுக்கே அதை ஏற்கிறது.

இடத்தை மையமாகக் கொண்ட விதி இதிலிருந்து முற்றிலும் வேறு இடத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் திட்ட அனுமதி கேட்பவர், வெள்ள அபாயம் குறைந்த வேறு பொருத்தமான இடம் இல்லை என்பதை முதலில் நிறுவ வேண்டும். கட்டப்போவது என்ன என்பதையும் அந்த முறை பார்க்கிறது: தீயணைப்பு நிலையமும் நிலத்தடிக் குடியிருப்பும் மிக உயர்ந்த பாதிப்பு வகையில் வைக்கப்பட்டு, ஆற்று வெள்ள வாய்ப்பு ஆண்டுக்கு 1 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள மூன்றாம் மண்டலத்தில் அனுமதிக்கப்படுவதில்லை. வெள்ளத்தின்போது உதவிக்குக் கிளம்ப வேண்டிய வண்டியே தண்ணீரில் நிற்கக் கூடாது என்ற சிந்தனை உயர விதியில் தானாக வருவதில்லை. ஜெர்மனியின் நீர்ச் சட்டம், அறிவிக்கப்பட்ட வெள்ளப்பகுதிகளில் புதிய கட்டுமானப் பகுதிகளை வகுப்பதைப் பொதுவாகத் தடைசெய்கிறது. வெள்ளத்தில் கவிழும் எண்ணெய்த் தொட்டிகள் வீட்டையும் ஆற்றையும் சேர்த்துக் கெடுத்த அனுபவத்துக்குப் பின், அப்பகுதிகளில் எண்ணெயில் இயங்கும் புதிய வெப்பமூட்டும் அமைப்புகளுக்கும் அங்கே தடை வந்தது.

தடையின் பலவீனம் அதன் அரசியலில் இருக்கிறது. பிரான்சில் 1995 சட்டத்தின் கீழ் அபாயத் தடுப்புத் திட்டங்கள் வகுக்கப்பட்டு நிலம் மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. இருந்தும், 2010இல் சிந்தியா புயலின்போது லா ஃபோத்-சுர்-மெர் என்ற கடலோர ஊரில், கரைக்குப் பின்னால் தாழ்நிலத்தில் கட்டப்பட்டிருந்த வீடுகளில் 29 பேர் இறந்தனர். சட்டம் இருப்பதும், வீட்டுமனைக்கு விலை ஏறும் ஊரில் அதை ஒருவர் உறுதியாக நடைமுறைப்படுத்துவதும் வேறுவேறு. வேறு இடமே இல்லாத ஊருக்குத் தடை மட்டும் விடையாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அனுமதி மறுக்கப்பட்ட ஏழைக் குடும்பம் அனுமதியில்லாமல் அதே இடத்தில் இன்னும் மோசமாகக் கட்டிக்கொள்ளும்.

மூன்றாவது வகை, ஈடு கேட்கும் விதி. வெள்ளச் சமவெளியில் எவ்வளவு கொள்ளளவை அடைக்கிறாயோ அவ்வளவை அருகிலேயே, அதே மட்டத்தில் வெட்டிக் கொடு என்பது அதன் சாரம். மட்டம் என்ற நிபந்தனை முக்கியமானது: தாழ்வான இடத்தை நிரப்பிவிட்டு மேட்டில் குழி வெட்டினால், வெள்ளம் ஏறத் தொடங்கும்போது இல்லாத இடம், அது உச்சத்தை நெருங்கும்போதுதான் கிடைக்கும். கொள்ளளவோடு ஓட்டப் பாதையும், அதாவது வெள்ளம் ஓடுவதற்கென அடைக்காமல் விட வேண்டிய பகுதியும், சேர்ந்தது. ஆற்றின் முதன்மை ஓட்டப் பாதையை வகுக்கும்போது, மீதிப் பகுதி முழுவதும் நிரப்பப்பட்டாலும் நீர்மட்டம் 1 அடிக்கு மேல் உயரக் கூடாது என்று கணக்கிடுவது அமெரிக்கக் குறைந்தபட்ச விதி. அந்த 1 அடி ஏற்கெனவே கரையில் குடியிருப்பவரின் அடி. யாரும் அவரிடம் அனுமதி கேட்பதில்லை. இல்லினாய் மாநிலம் இதை 0.1 அடியாகக் குறைத்திருக்கிறது. எனக்கு அதுவே நியாயமான அளவாகப் படுகிறது.

ஈடு கேட்கும் விதிக்குச் செலவு உண்டு. பொறியாளரின் நீரியல் கணக்கு வேண்டும், அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர் உள்ளாட்சியில் வேண்டும், வெட்டிய பள்ளம் பத்து ஆண்டு கழித்தும் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். சிறிய ஊராட்சிக்கு இது பெரிய சுமை. அங்கே ஓட்டப் பாதையில் முழுத் தடை, அதற்கு வெளியே மண் நிரப்பத் தடை, தூண் வீட்டுக்கு மட்டும் அனுமதி என்ற எளிய கலவை, கணக்கே இல்லாமல் ஏறத்தாழ அதே பலனைத் தரும். அதிகாரி கண்ணால் பார்த்தே மீறலை அறிய முடியும்.

இதுவரை சொன்னவை புதிய வீடுகளுக்கானவை. பழைய வீடுகளுக்கு அமெரிக்க முறையில் ஒரு கதவு வைக்கப்பட்டிருக்கிறது: பழுது அல்லது விரிவாக்கச் செலவு, நிலம் நீங்கலாகக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் 50 விழுக்காட்டை எட்டினால் அந்த வீடும் புதிய விதிக்கு உட்பட வேண்டும். வெள்ளம் வடிந்த வாரத்தில், வீடிழந்து நிற்பவரிடம் உன் சேதம் 49 அல்ல 52 என்று சொல்ல வேண்டியவர் உள்ளூர் அதிகாரி. அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் எண் குறைக்கப்பட்டால், அடுத்த வெள்ளத்தில் அதே வீடு மீண்டும் மூழ்கும். வேலையைத் துண்டு துண்டாகக் காட்டி வரம்பைத் தாண்டாமல் நிற்பவர்களும் இருப்பதால், சில உள்ளாட்சிகள் பல ஆண்டுச் செலவையும் கூட்டிக் கணக்கிடுகின்றன. அத்துடன், மதிப்பிடும் பொறுப்பை அந்த ஊருக்கு வெளியிலிருந்து வரும் குழுவிடம் ஒப்படைப்பதும், வீட்டை உயர்த்துவதற்கான உதவித்தொகை மதிப்பீட்டு அறிக்கையோடு சேர்ந்தே வருவதும் இந்த விதி செயல்படத் தேவையானவை.