எலும்பு பலவீனமான அம்மாவுக்கு பல் இம்ப்ளான்ட் வச்ச கிளினிக் பத்தி

அம்மாவுக்கு 68 வயசு. கீழ் வரிசைல ஒரு பல்லு கூட இல்ல, எட்டு வருஷமா கழட்டி மாட்டுற பல்செட் தான், பேசும்போதே மேல எழும்பி வந்துடும், சாப்பிட்டா ஈறுல உரசி புண்ணாயிடும், கடைசில அத கழட்டி டப்பால போட்டுட்டு மெல்லாம முழுங்குற மாதிரி எது இருக்கோ அத மட்டும் சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. இதுல எலும்பு வேற பலவீனம். எலும்பு எவ்வளவு கெட்டியா இருக்குன்னு பாக்குற டெக்சா ஸ்கேன்ல டி ஸ்கோர்ங்கற அளவு மைனஸ் 2.8, மைனஸ் 2.5க்கு வந்தாலே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு போற நோய் தான், அதுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ டெனோசுமாப் ஊசி போட்டுட்டு இருக்காங்க.

முதல்ல போன இடத்துல ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு அடுத்த வாரமே ஆறு இம்ப்ளான்ட் (பல்லுக்காக தாடை எலும்புல பதிக்கிற டைட்டானியம் திருகு) வச்சிடலாம்னு சொல்லிட்டாங்க. என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டாங்க, அம்மா பிரஷர் மாத்திரைன்னாங்க, அதோட சரி. ஆறு மாசத்துக்கு ஒரு ஊசிங்கறது அம்மாவுக்கு மருந்து கணக்குலயே வராது, அத நோண்டி கேக்க வேண்டியது டாக்டர் தானே? எனக்கு மனசு ஒப்பல, கிளம்பி வந்துட்டோம்.

ரெண்டாவது போன கிளினிக்குக்கு தான் இந்த ரிவ்யூ. எலும்புக்கு மாத்திரையோ ஊசியோ இப்பவோ முன்னாடியோ எடுத்திருக்கீங்களான்னு ஃபார்ம்லயே தனியா ஒரு கேள்வி இருந்துச்சு. முன்னாடி எடுத்தத ஏன் கேக்குறாங்கன்னா, அலென்ட்ரோனேட் மாதிரி மாத்திரைங்க நிறுத்தினப்புறமும் வருஷக்கணக்கா எலும்புக்குள்ளயே தங்கிடும். ஊசின்னு சொன்னதும் டாக்டர் நிதானமா உக்காந்து விளக்கினாங்க. எலும்பு பழச கரைச்சு புதுச கட்டிட்டே இருக்கும், இந்த மருந்துங்க கரையறத தடுக்குது, அதனால எலும்பு தாங்குது, ஆனா தாடைல ஆபரேஷன்னு கைய வச்சா சில பேருக்கு புண்ணு மூடாம எலும்பு வெளிய தெரிஞ்சபடி எட்டு வாரத்துக்கு மேல நின்னுடும். ஆஸ்டியோபோரோசிஸ்க்கு போடுற அளவுல இது ரொம்ப அபூர்வம், கேன்சருக்கு அடிக்கடி பெரிய டோஸ் எடுக்குறவங்களுக்கு தான் ஆபத்து பல மடங்கு அதிகம்னாங்க. எலும்பு பலவீனம்னா இம்ப்ளான்ட்டே கூடாதுன்னு சொந்தக்காரங்க பயமுறுத்தி வச்சிருந்தாங்க, அப்படி ஒண்ணும் இல்லன்னு அன்னிக்கு தான் தெரிஞ்சுது.

அப்போ ஊசிய கொஞ்ச நாள் நிறுத்திக்கலாமான்னு நான் கேட்டேன், கூடவே கூடாதுன்னுட்டாங்க. டெனோசுமாப்ப நிறுத்தினாலோ தள்ளிப்போட்டாலோ எலும்பு மளமளன்னு கரைய ஆரம்பிச்சுடுமாம், முதுகெலும்பு உடையற அளவுக்கு கூட போகலாம், தயவுசெஞ்சு யாரும் சொந்தமா நிறுத்திடாதீங்க. அம்மாவோட எலும்பு டாக்டர்கிட்ட அவங்களே போன்ல பேசி, ஊசி போட்டு நாலாவது மாசம் ஆபரேஷன், ஆறின அப்புறம் அடுத்த ஊசி சரியா அதோட தேதிலயேன்னு முடிவு பண்ணாங்க.

தாடை எலும்ப முப்பரிமாணத்துல காட்டுற சிபிசிடி ஸ்கேன் பாத்துட்டு ஆறெல்லாம் வேண்டாம், கீழ் தாடை முன்பக்கம் எலும்பு கெட்டியா இருக்கு, அங்க ரெண்டு வச்சு பல்செட்ட அதுல கிளிப் மாதிரி மாட்டிக்கலாம்னாங்க. வச்ச நாள்ல வலி பெருசா இல்ல. ஆனா டைட்டானியம் எலும்போட ஒட்டணும்னு நாலு மாசம் காத்திருந்தது தான் அம்மாவுக்கு கஷ்டமா போச்சு, தினமும் இன்னும் எத்தன நாள்னு கேப்பாங்க.

குறையும் சொல்லிடறேன். மூணாவது நாள் ராத்திரி கன்னம் வீங்கி அம்மா அழ ஆரம்பிச்சுட்டாங்க, அவசரத்துக்குன்னு குடுத்த நம்பர்ல விடியற வரைக்கும் ஒருத்தரும் எடுக்கல. காலைல பாத்து சாதாரண வீக்கம் தான்னு சொல்லிட்டாங்க, ஆனா வயசானவங்கள வச்சுட்டு அந்த ஒரு ராத்திரி நான் பட்ட பாடு இருக்கே... இத அவங்க சரி பண்ணியே ஆகணும். இன்னொண்ணு, கிளிப்புக்குள்ள இருக்குற நைலான் வளையம் தேஞ்சு போகும், அப்பப்ப மாத்தணும்னு முன்னாடியே சொல்லல, பத்து மாசத்துல பல்செட் லூஸாகி இம்ப்ளான்ட்டே ஆடுதோன்னு பதறிட்டோம்.

இப்ப ஒரு வருஷம் தாண்டிடுச்சு. அம்மா நல்லா மென்னு சாப்பிடறாங்க, வாய கைய வச்சு மறைக்காம பேசறாங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ க்ளீனிங்குக்கு கூட்டிட்டு போறேன், போன தடவ உள்ள போனதும் டாக்டர் கேக்கறதுக்கு முன்னாடியே கடைசி ஊசி தேதி எழுதின சீட்ட அம்மாவே எடுத்து நீட்டினாங்க.