படகும் கேடயமும்: ‘தி ஃபால்கன் அண்ட் த விண்டர் சோல்ஜர்’

லூசியானாவின் டெலக்ரோவில், பெற்றோர் விட்டுச்சென்ற மீன்பிடிப் படகைக் காப்பாற்றிக்கொள்ள சகோதரி சாராவுடன் வங்கிக்குப் போகிறான், ‘ஃபால்கன்’ என்ற பெயரில் இறக்கை கட்டிப் பறந்து போரிடும் மார்வெல் நாயகன் சாம் வில்சன். அலுவலர் அவனை அடையாளம் கண்டு வியக்கிறார், உடன் நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார், கடனுக்கு மட்டும் கையை விரிக்கிறார். முந்தைய மார்வெல் படங்களின் கதைப்படி உலகின் பாதிப் பேர் மறைந்திருந்த ஐந்து ஆண்டுகளில் மறைந்தவர்களுள் ஒருவனான அவனிடம், காட்டுவதற்கு வருமானக் கணக்கு இல்லை. 2021 மார்ச் 19 முதல் ஏப்ரல் 23 வரை டிஸ்னி பிளஸில் வெளியான இந்த ஆறு பகுதித் தொடர், இப்படி மண்ணில் கால் ஊன்றி நிற்கும் போதெல்லாம் மிக உயர்ந்த தரத்தை எட்டுகிறது.

மால்கம் ஸ்பெல்மன் உருவாக்க, கேரி ஸ்கோக்லாண்ட் இயக்கியிருக்கிறார். ஆந்தனி மேக்கியின் சாம் பேசியே பழகியவன். செபாஸ்டியன் ஸ்டானின் பக்கி, ‘விண்டர் சோல்ஜர்’ என்ற பெயரில் மூளைச்சலவைக்கு ஆளாகிக் கொலைகள் செய்தவன்; நூற்றாறு வயதிலும் உறக்கம் வராமல் தரையில் படுப்பவன். மனநல மருத்துவர் இருவரையும் முழங்காலோடு முழங்கால் கோத்து எதிரெதிரே உட்காரவைக்கும் காட்சியில் முதலில் சிரிப்பு வருகிறது. கேப்டன் அமெரிக்காவாக இருந்த நண்பன் ஸ்டீவ் ஒப்படைத்த கேடயத்தை சாம் ஏன் துறந்தான் என்று பக்கி கேட்டதும் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது: ஸ்டீவ் சாமைப் பற்றி நினைத்தது தவறென்றால், தன்னைப் பற்றி நினைத்ததும் தவறாகத்தானே இருக்க வேண்டும் என்பது அவனுடைய அச்சம்.

அதற்கான பதில் ஐசையா பிராட்லி என்ற முதிய கறுப்பின வீரரிடம் இருக்கிறது. கறுப்பினப் படைவீரர்களின் உடலில், இன்னதென்று சொல்லாமலேயே, அசாத்திய வலிமை தரும் மருந்தைச் செலுத்திய அரசு, பிழைத்து நின்ற ஒருவரை முப்பது ஆண்டுகள் சிறையில் அடைத்து, மனைவி எழுதிய கடிதங்களையும் அவர் கண்ணில் காட்டவில்லை. 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கிகீயில் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த அரசு ஆய்வை அறிந்தவர்களுக்கு, இது கற்பனையாகவே தோன்றாது. கார்ல் லம்ப்ளி குரலை உயர்த்தாமல் இதைச் சொல்லும் ஐந்தாம் பகுதிக்காகவே தொடரைப் பார்க்கலாம். நான்காம் பகுதியின் இறுதியில், புதிய கேப்டன் அமெரிக்காவாக அரசு தேர்ந்தெடுத்த ஜான் வாக்கரின் கையிலுள்ள கேடயத்தின் விளிம்பில் வழிந்த இரத்தத்துக்கும் இந்த முதியவரின் கசப்புக்கும் நடுவில் நின்றுதான், கேடயத்தை ஏற்பதா என்று சாம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மறைந்தவர்கள் திரும்பி வந்ததால் வீடிழந்தோருக்காகப் போராடும் கார்லியின் கிளர்ச்சிக் கதை அந்த அளவுக்குத் தேறவில்லை. வீடிழந்தோரின் நியாயமான கேள்வியை அவள் எழுப்பியதும், வெடிகுண்டு வைக்கச் செய்து அவளைக் குற்றவாளியாக்கி, அந்தக் கேள்வியிலிருந்து எழுத்தாளர்கள் எளிதாக விலகிக்கொள்கிறார்கள். குற்ற உலகை மறைந்திருந்து ஆளும் ‘பவர் புரோக்கர்’ யார் என்ற மர்மத்திலும் சுவையில்லை.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது நாகஜிமா என்ற முதியவரின் காட்சி. அவருடைய மகனைக் கொன்றவன் தானே என்பதை மறைத்து, அவரோடு அமர்ந்து உணவருந்தி வந்த பக்கி, கடைசிப் பகுதியில் உண்மையைச் சொல்கிறான். ஏன் என்று ஒரே சொல்லில் கேட்கிறார் அவர். தனக்கு வேறு வழி இருக்கவில்லை என்கிறான். அந்த முதியவரின் முகத்தை இன்னும் சில நிமிடம் பார்க்கக் காத்திருந்தேன். அதற்குள் காட்சி மாறிவிட்டது.