சுண்டிக்குளம் தேசிய பூங்கா: பூநாரை இல்லாத நாளிலும் போகலாம்

சுண்டிக்குளம் என்றால் யாழ்ப்பாணத்தில் முதலில் பூநாரை வந்திருக்கா என்றுதான் கேட்பார்கள். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம். 2015இல் எல்லை விரிந்து 19,565 ஹெக்டேயர் தேசிய பூங்காவானது. பறவை வரும், வராமலும் விடும். மரஞ்செடி எங்கும் போகாது. எங்கள் கணக்கில் இந்தப் பூங்காவின் பெறுமதியே அதுதான்.

கடற்கரையிலிருந்து களப்புவரை, அதாவது கடலோர உப்புநீர் ஏரிவரை, மணல்திட்டைக் குறுக்கே நடந்து பாருங்கள். கடல் பக்கம் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் மணலை இறுக்கிப் பிடித்திருக்கும். மேட்டில் தாழையும் பனையும். களப்போரத்தில் உமரிச் செடி, பிறகு கண்ணா என்ற சதுப்புநில மரம். மாரியில் கனகராயன் ஆறு நன்னீர் கொண்டுவரும். கோடையில் தண்ணீர் வற்றி உப்புப் பூக்கும். இரண்டையும் தாங்குகிறதுதான் அந்த ஓரத்தில் நிலைக்கும். கண்ணா தன் உப்பை இலை வழியே கக்கிவிடும். மழையில்லாத காலையில் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நிற்பவை அதன் மூச்சுவேர்கள். காற்றில்லாத சேற்றில் மரம் மூச்சுவிடுவது அவற்றால்தான், மிதித்து முறிக்காதீர்கள். கண்டல் மரமும் கண்ணாவும் ஒன்றென்று சொல்பவர்கள் உண்டு. கண்டலுக்கு வேர் அடிமரத்திலிருந்து வளைந்து இறங்கும், விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்கும்.

தில்லை மரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் எரிந்து பார்வை மங்கும்; உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்தியரிடம் போக வேண்டும். உதிரப்போகும் இலை சிவந்திருப்பதை வைத்து மரத்தைத் தூரத்திலேயே மட்டுக்கட்டலாம்.

தையும் மாசியும் நல்ல மாதங்கள்: மழை ஓய்ந்திருக்கும், பச்சை மாறியிராது. ஏ9 வீதியில் பளைப் பக்கம் புதுக்காட்டுச் சந்தியால் திரும்பி மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று கரையோரமாக இறங்கலாம். தாழ்ந்த காரில் போவது வில்லங்கம். களப்புத்தரை மேலே காய்ந்து வெள்ளையாகக் கிடக்கும், பொருக்குக்குக் கீழே சேறு. சில்லுப் புதைந்தபின் வேகம் கொடுத்தால் இன்னும் தாழும். பலகையோ பனை மட்டையோ போட்டு மெல்லப் பின்னுக்கு எடுங்கள். நிழல், கடை, குடிதண்ணீர் எதையும் எதிர்பார்க்காமல், ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோவது நல்லது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் பாவனையிலுள்ள பாதையை விட்டு ஓரடியும் விலக வேண்டாம்.

தாழம்பூ ஆசையில் கத்தியோடு போகிறவர்களுக்கு ஒரு சொல்: தேசிய பூங்காவுக்குள் செடி பறிப்பது சட்டப்படி குற்றம், மருந்துக்கென்று வேர் கிண்டுவதும் அதற்குள் அடக்கம்.